எந்தக் கிளி உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்?

முழுப் பரீட்சை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் பட்டியலில் கிளியும் வந்துவிடுகிறது. கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒன்று தோளில் ஏறி உட்காரும். அங்கேயே பேரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பத்து வருடமாக ஒரு காக்டெயில் கிளி இருப்பதால் அக்கம்பக்கத்தார் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். நான் நிறத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

1. நம் ஊர்ப் பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட கிளியும், அதைவிடப் பெரிய பச்சைக்கிளியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'குஞ்சிலிருந்து வளர்த்தது' என்று கடைக்காரர் சொன்னாலும் அது மரப்பொந்திலிருந்து எடுத்த குஞ்சாகத்தான் இருக்கும். பச்சைக்கிளி மேல்தான் ஆசை என்றால் மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசி போடுங்கள். சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் அப்படிப் போட்டே ஆயிரக்கணக்கான கிளிகளைத் தினமும் வரவழைத்தார்.

2. கூண்டுக்கு வெளியே தினமும் இரண்டு மணி நேரமாவது கிளி உங்களோடு இருக்க முடியுமா என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளி கூட்டமாக வாழும் பிறவி. கணவன், மனைவி இருவரும் காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் வீட்டில் தனிக்கிளி கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் நிறுத்துவது மிகவும் கடினம்.

3. முதல்முறை வளர்ப்பவருக்கு என் முதல் பரிந்துரை காக்டெயில். ஆஸ்திரேலியப் பறவை, கொண்டை முதல் வால்நுனி வரை ஓர் அடி, எடை 80 முதல் 100 கிராம். சாதுவானது, கடித்தாலும் பெரிய காயம் ஆகாது, சத்தமும் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாது. அதன் கொண்டையைப் பார்த்தே மனநிலையைச் சொல்லிவிடலாம்: நிமிர்ந்து நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி, தலையோடு ஒட்டிப் படிந்து சீறினால் கையை எடுத்துவிடுங்கள். ஆண் நன்றாகச் சீட்டியடிக்கும். பெட்டை, ஜோடி இல்லாமலே முட்டையிடும். அடிக்கடி இட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஆகவே புதிதாக வளர்ப்பவர் ஆணையே கேட்டு வாங்கலாம். சாம்பல் நிற வகையில் முதல் இறகுதிர்வுக்குப் பிறகு ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். மற்ற நிறங்களில் இறகைக் கொடுத்து டிஎன்ஏ சோதனை செய்துகொள்வது நல்லது.

ஒரு குறை உண்டு. இதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் காக்டெயிலை விட்டுவிடுங்கள். இரவில் சின்ன சத்தத்துக்கும் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. பக்கத்தில் ஒரு சிறிய இரவு விளக்கு எரியட்டும்.

4. சன் கானூர்தான் கடையில் எல்லோரையும் மயக்கும் மஞ்சள், ஆரஞ்சு அழகி. பாசம் அதிகம், சட்டைக்குள் புகுந்து தூங்கும். ஆனால் அதன் கத்தல் காட்டில் தொலைதூரத்துக் கூட்டத்தை அழைப்பதற்கென்றே அமைந்த கத்தல். மூடிய கதவு அதைத் தடுக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை வாங்கி, மூன்றாம் மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். தனி வீடு, வீட்டிலேயே இருக்கும் ஆள், இரண்டும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

5. கானூர்தான் வேண்டும், சத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு கிரீன் சீக் கானூர். 60 முதல் 80 கிராம்தான் எடை. சேட்டைக்காரன், தலைகீழாகத் தொங்கும், மல்லாந்து படுத்து விளையாடும். வாயால் கடித்துப் பார்த்தே எதையும் தெரிந்துகொள்ளும் குணம் என்பதால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது.

6. பேசும் கிளி என்றால் குவேக்கர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இது குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும் அபூர்வக் கிளியினம். கூண்டைத் தன் வீடாகவே நினைக்கும். உள்ளே கைவிட்டால் கொத்தும். வெளியே வரவழைத்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள். எந்தக் கிளியையும் பேச்சுக்காக மட்டும் வாங்காதீர்கள், ஒரு சொல்கூடப் பேசாமலே ஆயுளைக் கழிக்கும் பறவைகள் ஏராளம்.

7. 'சின்னக் குஞ்சாக வாங்கி ஊட்டி வளர்த்தால்தான் பழகும்' என்பதை நம்பாதீர்கள். ஊட்டும் மாவில் சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், சூடு குறைந்தால் செரிக்காது, சிரிஞ்சு தவறினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தானாகத் தின்னப் பழகிய பறவையையே வாங்குங்கள். காக்டெயில் என்றால் பத்து வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அது தின்பதைக் கடையிலேயே நின்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதிதாக வந்ததை 30 நாள் வேறு அறையில் வையுங்கள்.

8. கானூர், குவேக்கர் இரண்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024-இல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதும் விற்றவரின் பதிவு விவரமும் இல்லாமல் சந்தையில் வாங்காதீர்கள். காக்டெயில் அந்தப் பட்டியலில் இல்லை.

9. கூண்டில் உயரத்தைவிட அகலம் முக்கியம், கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். இரண்டு இறக்கையையும் விரித்தால் எங்கும் இடிக்கக் கூடாது. கம்பி இடைவெளி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள மலிவுக் கம்பி வலை வேண்டாம். கொறித்துக் கொறித்து உடம்பில் நஞ்சு ஏறும். உட்காரும் குச்சிக்கு மருந்தடிக்காத கொய்யாக் கிளை அருமை. தடிமன் ஒரே மாதிரி இல்லாததால் காலில் புண் வராது.

10. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்ப்பது மெதுவாகக் கொல்வது. கொழுப்பு கூடும், வைட்டமின் ஏ குறையும். கம்பும் தினையும் கொஞ்சம், பெல்லட் தீனி, அதோடு முருங்கைக்கீரை, கேரட், பூசணி, முளைகட்டிய பச்சைப்பயறு. மிளகாயும் கொடுக்கலாம், அதன் காரம் பறவைக்கு உறைக்காது. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்டிவிடுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் பண்டம் ஆகவே ஆகாது.

11. சமையலறைக்கு அருகில் கூண்டு வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை, மனிதருக்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் அதன் நுரையீரலுக்குப் பகை. வெளியே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துவதைக் கட்டாயமாக்குங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பறவைகள் ஃபேனில் அடிபட்டு இறந்திருக்கின்றன.

12. வாரம் ஒருமுறை காலையில் இரை வைப்பதற்கு முன் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பறவை தன் நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்போது காலம் கடந்திருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாங்குவதற்கு முன்பே, பறவை பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

13. காக்டெயில் 15 முதல் 20 வருடம், சன் கானூர் 25 வருடம்கூட இருக்கும். பிள்ளை பெரியவனாகி விடுதிக்குப் போன பிறகும் பறவை இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளப் போகிறவர் அம்மாதான். அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் வளர்ந்த பறவைகள் எத்தனையோ உண்டு. குணம் முன்கூட்டியே தெரிந்த பறவை என்பதால் நான் முதலில் அவற்றைத்தான் விசாரிக்கச் சொல்வேன். அப்படி ஒன்று கிடைத்தால் பழைய கூண்டையும் பழைய தீனித் தட்டையும் சேர்த்தே கேட்டு வாங்கி வாருங்கள், முதல் சில வாரங்கள் எதையும் மாற்றாதீர்கள்.