ஊதாதீர்கள்!

மேடையேறியதும் ஒலிவாங்கியைத் தட்டி ஊதிப் பார்ப்பது என் வழக்கம். 1934இல் பிபிசி பயன்படுத்தத் தொடங்கிய மார்க்கோனி ரிபன் ஒலிவாங்கியைப் பற்றிப் படித்தபோது வெட்கமாகிவிட்டது. பலமாக ஊதினால் அது பழுதாகிவிடுமாம்!

அதனுள்ளே காந்த முனைகளுக்கிடையில் தலைமயிரைவிட மெல்லிய அலுமினிய ரிபன் இருக்கிறது. குரல் பட்டு அது அதிர, நாம் பௌதிகவியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டலால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதனால் இரைச்சலில்லாத, நல்ல விரியலாக்கி தேவை.

இரண்டடி தள்ளி நின்று பேசுங்கள். மிக நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் மிகுந்து சொற்கள் தெளிவிழக்கும். முன்னும் பின்னும் அது நன்றாகக் கேட்கும். பக்கவாட்டில் கேட்பது மிகக் குறைவு. ஆகவே மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள். கொண்டுசெல்லும்போது உறையிடுங்கள்.

அடுத்த பேச்சுப்போட்டியில் நான் ஊத மாட்டேன். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று மெதுவாகச் சொல்லியே சோதித்துப் பார்ப்பேன்.