உப்புத் தண்ணீர் சாயத்தை நிறுத்தாது

"புதுத் துணியா? ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ராத்திரி ஊற வை, சாயம் நின்னுடும்." மரக்காணம் பக்கம் புதுச் சேலை எடுத்த எவரும் இதைக் கேட்காமல் தப்ப முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சாயம் போகுமா என்று கேட்டால் ஜவுளிக் கடைக்காரரும் அதையே சொல்லி, பில் போட்டுவிடுகிறார். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் ஊர் இது. கல்லுப்புக்குப் பஞ்சமில்லாத இடத்தில் இந்த நம்பிக்கை வேர் விட்டதில் வியப்பில்லை. ஆனால் சாயத் தொழில் தெரிந்தவள் என்ற முறையில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டேன்: இது தவறு. சிக்கனமாக உடுத்த நினைப்பவர்களின் பணத்தைத்தான் இது முதலில் தின்கிறது.

சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. இன்றைய பருத்தித் துணிகளில் பெரும்பகுதிக்கு ஏற்றப்படுவது 1956-ல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் வகைச் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையிலும் எதிர்மின்னூட்டம், சாயத்திலும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும். லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பைக் கரைத்தால் அந்தத் தள்ளுதல் குறைந்து, சாயம் நூலை நெருங்குகிறது. நெருங்குகிறது, அவ்வளவுதான். அதை நூலோடு பிணைப்பது அடுத்துச் சேர்க்கும் சலவைச் சோடாவின் காரமும் சூடும். அப்போதும் சாயத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அது இனி எந்த நூலோடும் பிணையாது. கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி அதை வெளியேற்ற வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் பட்டறை கைவைப்பது இந்த அலசலில்தான். உங்கள் வாளியில் ஓடும் சிவப்பு, அங்கே கழுவாமல் விட்ட மிச்சம்.

"நான் ஊறவைத்துப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?" என்பார்கள். இருக்கும். இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கே அதுதான் காரணம். உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை அந்த உதிரிச் சாயம் துணியை விட்டு எளிதில் வராது. உப்பில்லாத தண்ணீரில் அடுத்த முறை துவைக்கும்போது வந்துவிடும், கூடவே இருந்த வெள்ளைச் சட்டையையும் கெடுத்துவிட்டு. பாலியெஸ்டரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் சாயம் 130 டிகிரிச் சூட்டில் ஏற்றப்படுவது, உங்கள் கல்லுப்பு அதை ஒன்றும் செய்யாது.

இயற்கை வைத்தியம்தானே, கேடில்லையே என்று சொல்வோரிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. அந்த வாளித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறீர்கள். உப்பேறிய மண்ணில் என்ன விளையும் என்று மரக்காணத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இதே சாயமும் உப்பும் கலந்த கழிவுதான் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது அதனால்தான்.

செய்ய வேண்டியது வேறு. கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து எடுத்துப் போங்கள். சேலையின் உள்பக்க ஓரத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கருப்பு, கருநீலத்தில் லேசாக ஒட்டினால் மன்னிக்கலாம். சிவப்போ பச்சையோ அப்பிக்கொண்டால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது லாபமில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டால், முதல் சில தடவை நிறையத் தண்ணீரில் தனியாகத் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.

துணி பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை பேச்சு வேண்டாம். அடுத்தவர் உடுத்திய துணி பீடை என்பது வீண் பயம். பத்துத் துவைப்பு கண்ட துணியில் உதிரிச் சாயம் போய்விட்டது, சுருங்க வேண்டியதும் சுருங்கிவிட்டது. சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தி உடுத்துங்கள். மூங்கில் துணி அப்படியே இயற்கை என்பது விளம்பரம். பெரும்பாலும் அது மூங்கில் கூழைக் கார்பன் டைசல்பைடு முதலிய ரசாயனங்களில் கரைத்து இழுத்த விஸ்கோஸ் நூல். விலை கூடினால் நீடித்து உழைக்கும் என்பதும் பொய், தையலைப் புரட்டிப் பாருங்கள். பழசு எதுவானாலும் ஏழைகளுக்கு ஆகும் என்பது எல்லாவற்றிலும் மோசம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் யாரும் தொடாத பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. உப்பளப் பாத்தியில் வெயிலில் நிற்பவருக்குத் தேவை கிழியாத முழுக்கைப் பருத்திச் சட்டை, உங்கள் ஜிகினாச் சுடிதார் அல்ல.

கடைசியாக ஒரு கோரிக்கை. துவைத்தால் சாயம் எவ்வளவு நிற்கும் என்பதை 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு அளக்கும் சோதனை துணி ஆய்வகங்களில் வழக்கமானது. 5 என்றால் உறுதி. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதால் ஏற்றுமதித் துணிக்கு அந்தச் சோதனை நடக்கிறது. நம் ஊர்ச் சேலையின் விலைச் சீட்டில் அந்த எண்ணை அச்சிட்டால் என்ன? அடுத்த முறை "உப்புத் தண்ணியில போடுங்க" என்று கடையில் சொன்னால், "சாய உறுதி எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் துணியை வாங்காதீர்கள்.