சிநேகம் தரும் சுயாதீனம்



"பிறருக்காக உழைத்தே ஆயுசு கழிகிறது, எனக்கென்று சுயாதீனம் ஏது?" என்று முணுமுணுக்காத வீடு உண்டோ? சிநேகம் மனிதனைக் கட்டிவைக்கிறதா, அல்லது அவிழ்த்து விடுகிறதா? இதற்கு விடை நமது தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே பிரசவ ஆபத்து நேர்ந்தால் வைத்தியத்துக்கு வெகுதூரம் போகவேண்டியிருந்த காலம் அது. 1993-ம் ஆண்டில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் தம்பதிகள் அங்கே வந்து குடியேறினார்கள். ஒரு கூரைக் குடிசையே அவர்களுடைய முதல் ஆஸ்பத்திரி. பட்டணத்தில் நல்ல வருமானத்தோடு வாழக்கூடியவர்களை அங்கே போகும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனமுவந்து போனார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். அந்த மலைக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, நோயாளிகளைப் பராமரிக்கவும் பிரசவம் பார்க்கவும் பழக்கினார்கள். நாளடைவில் சிசு மரணம் வெகுவாய்க் குறைந்தது. அங்குள்ள லம்பாடிப் பெண்களும் மறந்துபோகவிருந்த தங்கள் பூத்தையல் வேலையை மீண்டும் கற்றுக்கொண்டு, அதற்குப் 'பொர்கை' என்று பெயரிட்டார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் 'பெருமை' என்று அர்த்தம். உதவி பெற்றவர்கள் என்றென்றும் கையேந்தி நிற்காமல், தங்கள் காலில் நின்றார்கள். மெய்யான சிநேகத்தின் அடையாளம் இதுவே.

நம் வீட்டுக்கு வருவோம். மருமகளுக்குச் செய்த உபகாரத்தை மாமியார் சொல்லிக்காட்டினால், அந்த உபகாரம் கடனாகிவிடுகிறது. வாங்கியவளுக்குப் பாரம், கொடுத்தவளுக்கோ, எப்போது திரும்பி வரும் என்ற கவலை. இருவருமே கட்டுண்டவர்கள். கணக்கு வையாமல் செய்பவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கிண்டுவதும் அதே கேழ்வரகுக் களிதான், சுமப்பதும் அதே தண்ணீர்க் குடந்தான், ஆயினும் மனம் லேசாயிருக்கும். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 13-ம் அதிகாரத்தில் கற்பிக்கும் சிநேகம் இத்தகையதே.

சோர்ந்தவள் உதவி கேட்பது குற்றமல்ல. வீட்டுப் பாரத்தை ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, அதைச் சிநேகம் என்று சொல்வதே குற்றம். தகப்பன்மாரும் பிள்ளைகளும் இதை மறவாதிருக்கக்கடவார்கள்.

இவ்வாரப் பயிற்சி: வீட்டில் ஒவ்வொருவரும் மற்றொருவருடைய வேலையில் ஒன்றைக் கேளாமலே செய்யுங்கள். செய்ததைச் சொல்லிக்காட்டாதிருங்கள். அதில் வரும் சந்தோஷத்தை நீங்களே அறிவீர்கள்.