சின்ன நிலத்துக்கு எத்தனை ஹெச்பி டிராக்டர் போதும்? செஞ்சி விவசாயிகளுக்கு ஒரு கணக்குப் பாடம்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் ஏற்றி வரும் டிராக்டர்களைப் பார்க்கும்போது, "நமக்கும் சொந்தமா ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமே" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் டிராக்டர் என்பது பல வருடத் தவணை. ஹெச்பி கூடுதலாக வாங்கினால் கடன் கழுத்தை நெரிக்கும். குறைவாக வாங்கினால் கலப்பையை இழுக்க முடியாமல் வண்டி திணறும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால், கையில் கைப்பேசியையும் ஒரு பேப்பரையும் எடுத்துக்கொண்டு இந்த ஐந்து படிகளைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: நிலத்தை அளந்து எழுதுங்கள்

"மூணு காணி இருக்கு" என்று வாய்க்கணக்காகச் சொல்வது போதாது. ஒரு காணி ஏறக்குறைய 132 சென்ட். அப்படியானால் மூன்று காணி என்பது நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேடு இணையச் சேவையில் உங்கள் பட்டா, சிட்டாவைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அதில் உள்ள பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். நிலம் ஒரே இடத்தில் இருக்கிறதா, துண்டு துண்டாகவா? வண்டிப்பாதை எத்தனை அடி அகலம்? செம்மண்ணா, களியா, பாறையும் கல்லும் கலந்ததா? செஞ்சியைச் சுற்றி மலையடிவார நிலம் நிறைய. கல் நிறைந்த மண்ணில் ரோட்டவேட்டர் கத்தி சீக்கிரம் தேயும், அங்கே கொத்துக் கலப்பைதான் முதலில் உதவும்.

படி 2: கருவியை முடிவு செய்யுங்கள், பிறகு டிராக்டர்

பலர் டிராக்டரை வாங்கிவிட்டு அதற்குக் கருவி தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பொதுவான அளவு இதுதான்:

• 12 முதல் 15 ஹெச்பி பவர் டில்லர்: சிறு பாத்தி, சேற்றுழவு, ஓரிரு ஏக்கர் நெல்.

• 18 முதல் 25 ஹெச்பி மினி டிராக்டர்: ஐந்து கொத்துக் கலப்பை, மூன்று முதல் நாலு அடி ரோட்டவேட்டர். தோப்புக்குள்ளும், அகலப் பார் விட்ட கரும்பு வரிசைக்குள்ளும் நுழையும்.

• 35 முதல் 45 ஹெச்பி: ஒன்பது கொத்துக் கலப்பை, ஐந்து அடி ரோட்டவேட்டர், பாரம் ஏற்றிய டிரெய்லர்.

• 45-க்கு மேல்: ஆறு அடி ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம். வாடகைத் தொழிலுக்கு ஏற்றது, சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் தேவைப்படாது.

நெல் வயலில் எடையையும் பார்க்க வேண்டும். கனமான வண்டி சேற்றில் ஆழமாகப் புதையும், அடிமண்ணையும் இறுக்கும். சேற்றுழவு அதிகம் என்றால் எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல் கைகொடுக்கும்.

படி 3: எந்த ஹெச்பி என்று கேளுங்கள்

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது எஞ்சின் ஹெச்பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்பக்கம் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேரும் சக்தி, எஞ்சின் அளவில் சுமார் 85 முதல் 90 சதவீதம்தான். 40 ஹெச்பி வண்டியில் 34 முதல் 36 ஹெச்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் "பி.டி.ஓ. ஹெச்பி எவ்வளவு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையை விற்பனையாளரிடம் காட்டச் சொல்லுங்கள். டீசல் செலவும் அதில் இருக்கும்.

படி 4: நேரக் கணக்கு

ஐந்து அடி ரோட்டவேட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரமும் வரப்போரமும் போக 70 சதவீதம் தேறும் என்று வைத்தால், மணிக்கு 3,150 சதுர மீட்டர் முடியும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்று அடி ரோட்டவேட்டருக்கு இதே கணக்கில் ஏக்கருக்கு இரண்டு மணி எட்டு நிமிடம்.

நாலு ஏக்கர் என்றால் பெரியதில் ஐந்து மணி சொச்சம், சின்னதில் எட்டரை மணி. அவ்வளவுதான் வித்தியாசம். மானாவாரி மணிலாவுக்கு மழை ஈரம் காய்வதற்குள் உழவு முடிய வேண்டும். எட்டரை மணி நேர வேலையை ஒரு நீண்ட நாளில், அல்லது ஒன்றரை நாளில் மினி டிராக்டரே முடித்துவிடும். பத்து ஏக்கர் என்றால்தான் 21 மணி நேரம் ஆகி, ஈரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

படி 5: வாங்குவதா, வாடகையா?

நாலு ஏக்கர், வருடத்துக்கு இரண்டு போகம். எல்லா வேலைக்கும் ஏக்கருக்கு 12 மணி நேரம் என்று தாராளமாகவே வையுங்கள். மொத்தம் 48 மணி நேரம். டிராக்டருக்கு 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்று ஒரு உதாரணம் எடுத்தால், மாதத் தவணை சுமார் 12,450 ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 48-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர உழவுக்குத் தவணை மட்டும் 3,100 ரூபாய்! டீசல், ஓட்டுநர், பழுது எல்லாம் தனி.

அதே வண்டி அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்து வருடத்துக்கு 300 மணி நேரம் ஓடினால், மணிக்கு 500 ரூபாயாக இறங்கிவிடும். அதனால் உண்மையான கேள்வி "எத்தனை ஹெச்பி?" மட்டும் இல்லை, "வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பதும்தான். ஓட்டம் உறுதி இல்லை என்றால் வாடகைக்கு எடுப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்கு முன்பதிவு செய்யலாம். நடப்பு வாடகையைச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால்

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்புத் தொகை இருக்கிறது, அதற்கு மேல் கிடைக்காது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

• ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

• முதலில் விண்ணப்பம், ஒப்புதல் வந்த பிறகே வாங்குதல். முந்திக்கொண்டு வாங்கினால் மானியம் கைநழுவும்.

• 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியலில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• பழுதுபார்க்கும் இடமும் உதிரிபாகமும் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். உழவு நேரத்தில் நாலு நாள் வண்டி நின்றால் பட்டமே போய்விடும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு இந்தக் கணக்குப் பேப்பரோடு போங்கள். அங்கே நீங்கள் சொல்ல வேண்டியது "எனக்கு ஒரு டிராக்டர் வேணும்" என்பது இல்லை. "எனக்கு இத்தனை ஏக்கர், இந்த மண், இந்தப் பயிர், வருஷத்துக்கு இத்தனை மணி நேர வேலை" என்று சொல்லுங்கள். சரியான பதில் அப்போதுதான் கிடைக்கும்.