வீட்டு இணையம் அடிக்கடி அறுந்து போகிறதா?
பிழையைத் தேடிப் பிடிக்கும் முறை



நமது சங்கக் குடும்பங்களில் இன்று இணையம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிள்ளைகளின் பண்ணிசை வகுப்பு சூம் வழியாக நடக்கிறது. ஊரில் இருக்கும் அம்மம்மாவுடன் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறோம். அங்கே ஒரு உறவு கண்மூடினால், விமானச்சீட்டுக்கு வசதியோ வேலையில் விடுமுறையோ கிடைக்காதவர்கள் இறுதிக்கிரியையை நேரலையில்தான் பார்க்கிறார்கள். வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் உறைந்து நின்றால் அந்த நேரம் திரும்பி வராது. ஆகவே இதைப் பொழுதுபோக்குச் சாமானின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இணையம் அறும்போது பலர் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, ரவுட்டரை நிறுத்திப் போடுவது. மற்றது, சேவை நிறுவனத்தை அழைத்து வேகம் கூடிய பொதிக்கு மாறுவது. முதலாவது சில மணித்தியாலங்களுக்கு உதவலாம். இரண்டாவதில் மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகும். பிழை வீட்டுக்குள் இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பரீட்சை மீதி சமப்படாவிட்டால் கணக்காளர் எல்லாப் பதிவுகளையும் அழித்து எழுதுவதில்லை. வித்தியாசம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்று முதலில் ஒதுக்குவார். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். இங்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

இணையம் வேறு, வைஃபை வேறு

தெருவிலிருந்து கேபிள், தொலைபேசிக் கம்பி அல்லது கண்ணாடி இழை வழியாக வீட்டு வாசல் வரை வருவது இணையம். மோடம் அதை வாங்குகிறது. ரவுட்டர் அதைப் பங்கிட்டு, வானொலி அலையாக வீட்டுக்குள் பரப்புகிறது. இந்த இரண்டாவது பகுதியே வைஃபை. பல வீடுகளில் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

வைஃபைக்கான பொது நியமம் 1997இல் வெளியானது. அது முதலில் பயன்படுத்திய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை உரிமம் இல்லாமல் எவரும் பாவிக்கக்கூடியது. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், குழந்தைகளைக் கவனிக்கும் சில கருவிகள், அயலவரின் ரவுட்டர் எல்லாம் அதே இடத்தில்தான் பேசுகின்றன. பின்னர் 5 கிகாஹேர்ட்ஸ் வந்தது. அதில் நெரிசல் குறைவு, வேகம் கூட. ஆனால் சுவர்களைக் கடக்கும்போது விரைவாகப் பலம் இழக்கும்.

படி 1: கொப்பியில் எழுதுங்கள்

மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பி வைத்திருங்கள். எத்தனை மணிக்கு அறுந்தது, எந்த அறையில், எந்தக் கருவியில், அந்த நேரம் வீட்டில் வேறு என்ன ஓடியது என்று குறியுங்கள். ஒரு கருவி மட்டும் அறுந்தால் பிழை பெரும்பாலும் அந்தக் கருவியில். ஒரு அறையில் மட்டும் என்றால் தூரம் அல்லது சுவர். எல்லா அறையிலும் எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் என்றால் ரவுட்டர், மோடம் அல்லது வெளிக்கம்பி. பின்னேரம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு மட்டும் என்றால் நெரிசல்.

படி 2: பாதையை இரண்டாகப் பிரியுங்கள்

இதுவே மிக முக்கியமான சோதனை. வைஃபையில் இணைந்துள்ள மடிக்கணனியில் கட்டளைச் சாளரம் இரண்டைத் திறவுங்கள். ஒன்றில் பிங் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். அது பல வீடுகளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். மற்றதில் அதேபோல 8.8.8.8 என்று கொடுங்கள். அது கூகிள் நிறுவனம் பொதுப் பாவனைக்கு வைத்திருக்கும் முகவரி. விண்டோஸில் நான்கு முறை கேட்டதும் நின்றுவிடும். தொடர்ந்து ஓட, இறுதியில் ஒரு சிறு கோடும் ஆங்கில 'ரி' எழுத்தும் சேருங்கள். இணையம் அறும்வரை இரண்டையும் ஓடவிடுங்கள்.

ரவுட்டரிடமிருந்தே பதில் வராவிட்டால் பிழை வீட்டுக்குள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தர, 8.8.8.8 மட்டும் தவறினால் பிழை மோடத்திலோ அதற்கு அப்பாலோ. உறுதிப்படுத்த, அதே மடிக்கணனியை ஈதர்நெற் வயரால் ரவுட்டருடன் நேராகத் தொடுத்து மீண்டும் பாருங்கள். வயரில் அறாமல் வைஃபையில் மட்டும் அறுந்தால், வேகம் கூடிய பொதி வாங்கிப் பயனில்லை.

படி 3: ரவுட்டர் இருக்கும் இடம்

கனடாவில் பல வீடுகளில் கேபிள் நுழைவது நிலக்கீழ் அறைக்குள். தொழில்நுட்பவியலாளர் அங்கேயே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் பேர்னஸ், மேலே தகரத்தால் ஆன வெப்பக்காற்றுக் குழாய்கள், சுற்றிலும் கொங்கிறீற். உலோகம் அலையைத் திருப்பிவிடும். கொங்கிறீற்றும் தண்ணீரும் அதை உறிஞ்சும். பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியனவும் தடைகளே. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரமாக, அலுமாரிக்கு வெளியே வைப்பதே நல்லது. ரவுட்டருக்குப் பின்னால் யூ.எஸ்.பி 3 வன்தட்டுத் தொடுத்திருந்தால் கழற்றிப் பாருங்கள், அது 2.4 அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்கும்.

அலையின் பலத்தை அளக்க அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு இலவசச் செயலிகள் உண்டு. அளவு எதிர்க்கணியத்தில் காட்டும். −50 மிக நல்லது. −67 வரை முகம் பார்த்துக் கதைக்கப் போதும். −80ஐ நெருங்கினால் அறுவது நிச்சயம். −60 என்பது −70 ஆகக் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு அறையாக நடந்து எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற நம்மவர் பழமொழி இதற்கும் பொருந்தும்.

படி 4: அலைவரிசையும் சானலும்

2.4 அலைவரிசையில் இங்கு 11 சானல்கள் இருந்தாலும் ஒன்றையொன்று மூடாதவை 1, 6, 11 மட்டுமே. தொடர்மாடிகளில் அயலவர்கள் எல்லோரும் 6இல் இருந்தால் நீங்கள் 1 அல்லது 11க்கு மாறுங்கள். சானல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் விடுங்கள். சமைக்கும் நேரத்தில் மட்டும் அறுந்தால், மைக்ரோவேவில் ஒரு கோப்பை தண்ணீரைச் சூடாக்கியபடி பிங் சோதனையைக் கவனியுங்கள்.

5 அலைவரிசையில் 52 முதல் 144 வரையான சானல்கள் ராடாருடன் பங்கிடப்பட்டவை. ராடார் அலையைக் கண்டால் ரவுட்டர் உடனே விலகவேண்டும் என்பது விதி. பெட்டிக்கு அருகிலேயே இருந்தும் காரணமின்றி அறுந்தால், 36 முதல் 48 வரை அல்லது 149க்கு மேல் மாற்றிப் பாருங்கள்.

படி 5: இரண்டு ரவுட்டர்களும் எக்ஸ்ரெண்டரும்

நிறுவனம் தந்த பெட்டியோடு கடையில் வாங்கிய ரவுட்டரையும் தொடுத்தவர்கள் பலர். இரண்டும் முகவரி பங்கிட, இரண்டும் வைஃபை பரப்ப, கருவிகள் அங்குமிங்கும் தாவும். நிறுவனப் பெட்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றுங்கள், அல்லது அதன் வைஃபையை நிறுத்துங்கள்.

எக்ஸ்ரெண்டரை அலை வராத அறைக்குள் வைப்பதில் பலனில்லை. கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? அலை நன்றாக இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வைக்கவேண்டும். வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முடிந்தால் மேல்மாடிக்கு ஒரு ஈதர்நெற் வயர் இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபைப் பெட்டியை வைப்பதே உறுதியான வழி. அவ்வயர் 100 மீற்றர் வரை வேலை செய்யும்.

படி 6: மேலேற்றும் வேகம்

ரவுட்டர் நன்றாகப் பதில் தருகிறது, 8.8.8.8உம் பதில் தருகிறது, ஆனால் 20 மில்லிசெக்கன் 500 ஆகிவிடுகிறது என்றால் மேலேற்றும் பாதை நிரம்பிவிட்டது. கேபிள் இணையத்தில் இறக்கும் வேகத்தைவிட மேலேற்றும் வேகம் பொதுவாக மிகக் குறைவு. வாசற் கமெராக்களும், படங்களைத் தானாக ஏற்றும் தொலைபேசிகளும் அதை விழுங்கிவிடும். முக்கியமான அழைப்புக்கு முன் அவற்றை நிறுத்துங்கள். வைஃபைக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்; பழைய வாடகைக்காரரின் கருவிகள் இன்னும் இணைந்திருக்கலாம்.

பிழை வெளியில் என்றால்

வயரால் தொடுத்தும் 8.8.8.8 தவறினால் முதலில் கேபிள் முனைகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். பிறகு கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தை அழையுங்கள். "வயரில் சோதித்தோம், ரவுட்டர் பதில் தந்தது, இந்த இந்த நேரங்களில் வெளி முகவரி தவறியது" என்று சொன்னால் பேச்சு வேறு விதமாகப் போகும். அழைத்த திகதியையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிவையுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால், தொலைத்தொடர்பு, தொலைக்காட்சி முறைப்பாடுகளை ஏற்கும் சீ.சீ.ரி.எஸ் என்ற சுயாதீன அமைப்புக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.

2022 யூலை 8ஆம் திகதி கனடாவின் பெரிய வலையமைப்பு ஒன்று முழுமையாகச் செயலிழந்தது. இன்ரரக் கொடுப்பனவுகள் நின்றன. பலருக்கு 911 கூடக் கிடைக்கவில்லை. இணையம் வழியாக இயங்கும் வீட்டுத் தொலைபேசி, இணையம் அறுந்தாலும் மின்சாரம் போனாலும் பேசாது. தனியாக இருக்கும் முதியவர்களிடம் மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்று எப்போதும் இருக்கவேண்டும். இயலுமானால் அது வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது.

உயர்வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தச் சோதனைகளை அவர்களிடமே விடுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். தங்கள் வீடு முடிந்ததும், அயலில் தனியாக வசிக்கும் ஒரு தாத்தா பாட்டி வீட்டிலும் செய்து கொடுக்கட்டும். கோவிலுக்கு வர இயலாத அவர்கள் திருவிழாவை நேரலையில்தான் தரிசிக்கிறார்கள்.

எல்லோருக்கும் இறைவன் திருவருள் கிட்டுவதாக.