மூட்டுக் குருத்தெலும்பு

வளர்ந்த மனிதனது தேகத்தில் 206 எலும்புகள் உள. அவற்றுள் ஒன்று முறியுமாயின், முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, நாளடைவில் அங்கே புதிய எலும்பு தோன்றும். முறையாகக் கட்டிவைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். எலும்பின் முனையைப் போர்த்திருக்கும் குருத்தெலும்போ அத்தகையதன்று.

முழங்காலை நோக்குவோம். தொடையெலும்பும், கணைக்காலெலும்பும், சில்லும் கூடுமிடம் அது. அவை ஒன்றோடொன்று உராயும் பக்கங்களில் சில மில்லிமீட்டர் கனமுள்ள வெண்ணிறக் குருத்தெலும்பு படிந்துள்ளது. அதன் பெரும்பகுதி நீரே. அதில் இரத்தக் குழாயுமில்லை; நரம்புமில்லை. அங்ஙனமாயின் அதற்கு உணவு எவ்வாறு கிடைக்கின்றது? மூட்டினுள் சுரக்கும் வழுவழுப்பான நீரினின்றேயாம். காலை ஊன்றுங்கால் குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளிவிடும். எடுக்குங்கால் கடற்பஞ்சுபோல் அதனை மீண்டும் உறிஞ்சும். ஆகவே நடையே அதற்கு ஊணாகும்.

இரத்தமின்மையால் தேய்ந்த இடம் எளிதில் வளராது. நரம்பின்மையால் தேய்வு தொடக்கத்தில் புலப்படாது. அழிந்த குருத்தெலும்பு மீளாதென வில்லியம் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு வைத்தியர் 1743-ஆம் ஆண்டிலேயே எழுதினார். குருத்தெலும்பின் உயிரணுக்களை வெளியே வளர்த்துப் பதிக்கும் சிகிச்சை இன்று உண்டு. எனினும் இயற்கையானதற்கு முற்றும் நிகரானதொன்று இன்னும் கிட்டவில்லை.

விளையாட்டிடத்தில் முழங்கால் பிசகி வீங்கிய பின்னரும், ஆட்டம் முடியட்டும் என்று ஓடும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. முறிந்த எலும்பு கூடும். தேய்ந்த குருத்தெலும்பு கூடுவது அரிது. இடையறா இருப்பும் அதற்குப் பகை. அளவிறந்த பளுவும் பகை. அளவான நடையும், காயமுற்றபோது ஓய்வுமே அதனைக் காக்கும்.