காலாவதியான பாக்கியும் கையெழுத்தும்

கடனுக்குக் கொடுத்த சரக்கின் பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது வணிகர் அறிந்ததே. அந்தக் கெடுவுக்குள் பாக்கிதாரர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும்.

சிக்கல் கெடு கடந்த பின்புதான். தவணை பேசாமல் 2022 ஜூனில் இறக்கிய அரிசிக்கு 2025 ஜூனோடு கெடு முடிந்தது. ஜூலையில் போய், 'பாக்கி ரூ.40,000 சரி' என்று மட்டும் எழுதி வாங்கினால் வழக்கு நிற்காது. 'அதைத் தந்துவிடுகிறேன்' என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். இருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது செல்லத்தக்க ஒப்பந்தம். வாய்ச்சொல் உதவாது, அதிகாரம் பெறாத கடைப் பையனின் கையெழுத்தும் அப்படியே. தேதியையும் போடச் சொல்லுங்கள். தேதியில்லாச் சீட்டென்றால், கெடுவுக்கு முன்னா பின்னா என்ற வாதமே பெரிதாகிவிடும்.